மீண்டும் மீண்டும் மாணவரான வைத்தியர்

எங்கள் வீட்டில் வலிப்பு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமிக்கு அது வந்துவிட்டது என்பார்கள்; எல்லோருக்கும் விளங்கிவிடும். மாமி வாப்பாவின் தங்கை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்களோடு இருக்கிறார். சமையலில் அவரை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. ஆனால் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும்போதே சில நாட்களில் விழுந்துவிடுவார். உடனே யாராவது ஓடிப்போய்ச் சாவிக்கொத்தை எடுத்து வந்து அவர் கையில் திணிப்பார்கள். நானும் திணித்திருக்கிறேன். அதனால் ஒரு பயனும் இல்லை, பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே மெதுவான எதையாவது வைக்க வேண்டும் என்பதை மிகப் பிந்தித்தான் அறிந்தேன்.

மாமியின் நோயைப் பற்றித் தேடிப் படிக்கப் போன இடத்தில்தான் வைல்டர் பென்பீல்டைச் சந்தித்தேன். வலிப்பு நோய்க்கான மூளைச் சத்திரசிகிச்சையை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர். ஆனால் என்னை அவரிடம் இழுத்தது சத்திரசிகிச்சை மட்டுமல்ல. எங்கள் வீட்டில் இன்னொரு பேச்சும் அடிக்கடி நடக்கும். ராத்தா மருத்துவபீடத்துக்கான வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்டு இரண்டாம் முறை உயர்தரம் எழுதினார். வயது போகிறது, இனியும் என்ன படிப்பு என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்டார்கள். அப்போது அவருக்கு வயது இருபது. பென்பீல்ட் கடைசியாக மாணவராகப் போய் அமர்ந்தபோது அவருக்கு முப்பத்தேழு.

அவர் 1891ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்திலுள்ள ஸ்போகேன் நகரில் பிறந்தார். தந்தையும் வைத்தியர்தான், ஆனால் தொழில் நொடித்துப் போய்விட்டது. தாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விஸ்கொன்சின் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரிலிருந்த தன் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தார். தந்தை தோற்றதைப் பார்த்திருந்த மகனுக்கு வைத்தியனாகும் ஆசை ஆரம்பத்தில் இருக்கவில்லை. மகன் பதின்மூன்று வயதாக இருக்கும்போதே ஒக்ஸ்போர்டுக்கு அனுப்பும் றோட்ஸ் புலமைப்பரிசில் பற்றித் தாய் அறிந்து, அதை இலக்காக வைத்து அவரை வளர்த்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்தார், கால்பந்து விளையாடினார், மனம் மாறி மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். தாய் ஆசைப்பட்ட புலமைப்பரிசிலும் கிடைத்தது.

1915இல் ஒக்ஸ்போர்டுக்குப் போனபோது முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அங்கே சார்ள்ஸ் ஷெரிங்டனின் ஆய்வுகூடத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. நரம்புக்கலங்கள் சந்திக்கும் இடத்துக்கு நாம் இன்றும் பாடத்தில் எழுதும் சினப்ஸ் என்ற பெயரைத் தந்தவர் ஷெரிங்டன். நரம்புத்தொகுதி என்பது இன்னும் யாரும் கால்வைக்காத நாடு என்ற எண்ணம் பென்பீல்டுக்கு அங்கேதான் பிறந்தது. 1916 மார்ச்சில் அவர் பயணம் செய்த சசெக்ஸ் என்ற கப்பல் ஆங்கிலக் கால்வாயில் டோர்பிடோவால் தாக்கப்பட்டது. காயத்தோடு உயிர் தப்பினார். ஒக்ஸ்போர்டில் புகழ்பெற்ற வைத்தியப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஒஸ்லர் அவரைத் தன் வீட்டிலேயே வைத்துத் தேற்றினார்.

1918இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் வைத்தியப் பட்டம் பெற்றார். பட்டம் கிடைத்தபின் நாமாக இருந்தால் அடுத்து என்ன செய்வோம்? அவர் மறுபடியும் ஷெரிங்டனிடமே போனார். அதன் பிறகே நியூயோர்க்கில் சத்திரசிகிச்சை நிபுணராக வேலை.

அந்த வேலையில் இருந்துகொண்டே ஒரு குறையை உணர்ந்தார். அடிபட்ட மூளையில் தழும்பு விழுகிறது. அந்தத் தழும்பைச் சுற்றி வலிப்பு தொடங்குகிறது. தழும்புக்குள் என்ன நடக்கிறது? நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நரம்புக்கலங்கள் தெரிந்தன. அவற்றுக்கு இடையே நிறைந்து கிடக்கும் துணைக்கலங்கள் சரியாகத் தெரியவில்லை. அவரிடம் இருந்த சாயங்களில் அவை பிடிக்கவில்லை. அவற்றைத் தெளிவாகக் காட்டக்கூடியவர் ஒருவர் ஸ்பெயினில் இருந்தார்: பியோ டெல் ரியோ ஒர்தேகா. நரம்பியலின் தந்தையரில் ஒருவரான கஹாலின் ஆய்வுகூடத்தில் வளர்ந்தவர். வெள்ளி காபனேற்றைக் கொண்டு சாயமூட்டும் முறையைக் கண்டுபிடித்து, அதுவரை ஒருவரும் சரியாகப் பிரித்தறியாத இருவகைத் துணைக்கலங்களை உலகுக்குக் காட்டியவர்.

1924இல் பென்பீல்ட் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மட்ரிட் நகருக்குப் போனார். வயது முப்பத்துமூன்று. ஏற்கெனவே நோயாளரின் தலையைத் திறந்து சத்திரசிகிச்சை செய்பவர். அங்கே போய், பிறமொழி பேசும் ஒரு சிறிய ஆய்வுகூடத்தில், மெல்லிய மூளைத் துண்டுகளை வெள்ளிக் கரைசலில் போட்டு எடுக்கும் வேலையைத் தொடக்கத்திலிருந்து பழகினார். பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு வெங்காயத் தோலுக்குச் சாயமூட்டவே நாங்கள் படுகிற பாட்டை நினைத்தால், இந்தப் பொறுமையின் அளவு எனக்கு விளங்குகிறது. ஒலிகோடென்ட்ரோகிளியா என்ற துணைக்கலம் பற்றி அதே ஆண்டிலேயே கட்டுரையும் எழுதினார்.

நான்கு ஆண்டுகளின் பின் கனடாவின் மொன்றியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகம் அவரை அழைத்தது. நல்ல பதவி. அதில் அமரும் முன் அவர் இன்னும் ஒரு தடவை மாணவரானார். அப்போது ஜேர்மனியில் இருந்த பிரெஸ்லாவ் நகரில் ஒட்ஃபிரிட் ஃபெர்ஸ்டர் என்ற வைத்தியர் போரில் தலையில் காயப்பட்ட சிப்பாய்களின் மூளைத் தழும்புகளை அகற்றி வலிப்பைக் குறைத்துக்கொண்டிருந்தார். நோயாளி விழித்தபடி இருப்பார். தலையின் தோலை மட்டும் ஊசி போட்டு விறைக்கச் செய்வார்கள். மூளைக்கு வலி தெரியாது. மெல்லிய மின்னோட்டத்தால் மூளையின் மேற்பரப்பைத் தொட்டால் கை அசையும், அல்லது விரல் விறுவிறுக்கும். எதை வெட்டலாம், எதைத் தொடவே கூடாது என்பதை நோயாளியே சொல்லித் தருவார். பென்பீல்ட் ஆறு மாதம் அருகில் நின்று இதைக் கற்றார்.

மொன்றியல் வந்த அதே ஆண்டு அவருடைய மூத்த சகோதரி ரூத் நோயாளியாக அவரிடம் வந்தார். ரூத் ஆறு பிள்ளைகளின் தாய். தலைவலியும் வலிப்பும் இருந்தன. மூளையின் வலது முன்பக்கத்தில் கட்டி. 1928 டிசம்பரில் தம்பியே சத்திரசிகிச்சை செய்தார். ரூத் விழித்திருந்தார், பேசிக்கொண்டிருந்தார். வலது முன்சோணையின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. அப்படி எடுத்தும் கட்டியின் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கட்டி எந்தக் கலத்திலிருந்து பெருகியிருந்தது தெரியுமா? ஒலிகோடென்ட்ரோகிளியா. மட்ரிட்டில் அவர் வெள்ளியில் தோய்த்துத் தோய்த்துப் பார்த்த அதே கலம். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

ரூத் வீடு திரும்பினார். பேச்சும் ஞாபகமும் நல்ல குணமும் அப்படியே இருந்தன. பதினைந்து மாதங்களின் பின் தம்பி அவர் வீட்டுக்குப் போனார். தம்பிக்கும் தன் வீட்டாருக்கும் இரவுச் சாப்பாடு சமைக்க ரூத் ஆசைப்பட்டார். கைதேர்ந்த சமையற்காரி அவர். ஆனால் நேரம் வந்தபோது ஓரிரண்டு பண்டம் அடுப்பில் இருந்தன, சலாது ஆயத்தமில்லை, இறைச்சி தொடங்கப்படவேயில்லை. அடுத்து எதைச் செய்வது என்று புரியாமல் அடுப்படியில் கலங்கிப்போய் நின்றார். திட்டமிட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதற்கு மூளையின் முன்பகுதி எவ்வளவு தேவை என்பதை அந்தச் சமையலறையிலிருந்து பென்பீல்ட் கற்றார். 1935இல் அதை ஓர் ஆய்வுக்கட்டுரையில் எழுதிவைத்தார். ரூத் அப்போது உயிரோடில்லை. சத்திரசிகிச்சைக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்குள் போய்விட்டார்.

வைத்தியர், ஆய்வாளர், நுணுக்குக்காட்டிக்காரர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வெகுகாலமாக இருந்தது. அந்த இழப்புக்குப் பின் அது இன்னும் வலுத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ரொக்பெல்லர் அறக்கட்டளை 12 இலட்சம் டொலருக்கும் மேல் கொடுத்தது. 1934இல் மொன்றியல் நரம்பியல் நிறுவனம் திறக்கப்பட்டது. இப்போது கதவைத் திறந்து மற்றவர்களை உள்ளே அழைப்பது அவர் முறை. மூளை அலைகளைப் பதிவுசெய்யத் தெரிந்த ஹேர்பேர்ட் ஜாஸ்பர் 1938இல் வந்து சேர்ந்தார். வலிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மண்டையைத் திறக்கும் முன்பே தேட அதன்பின் முடிந்தது. 1950இல் பிரெண்டா மில்னர் வந்தார். ஏற்கெனவே உளவியல் கற்பித்துக்கொண்டிருந்த அவர், முப்பது கடந்தபின் கலாநிதிப் பட்ட மாணவியாக அங்கே நுழைந்தார். ஞாபகம் மூளையின் எப்பகுதியில் தங்கியிருக்கிறது என்ற ஆய்வில் இன்று முதலில் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அவருடையது. நூறு வயதிலும் அந்த நிறுவனத்தை விட்டுப் போகவில்லை.

பென்பீல்ட் சொன்னதெல்லாம் நிலைத்தது என்று சொல்லமாட்டேன். மின்வாய் பட்டதும் சிலர் பழைய பாட்டைக் கேட்டார்கள், பழைய காட்சியைக் கண்டார்கள். ஆகவே வாழ்க்கை முழுவதும் ஒலிநாடா போல மூளையில் பதிவாகியிருக்கிறது என்று அவர் நம்பினார். பின்வந்தோர் அதை ஏற்கவில்லை. அப்படிக் கண்டவர்கள் நோயாளரில் மிகச் சிலரே.

1960இல் பணிப்பாளர் பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். ஓய்வுக்குப் பின் இன்னொரு தொழிலைத் தொடங்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதி, தானும் எழுத்தாளரானார். அதற்கு முன்பே, தாய் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட கதையைக் கையிலெடுத்து, நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் காலத்தை வைத்து ஒரு நாவல் வெளியிட்டிருந்தார். 1976 ஏப்ரல் 5ஆம் திகதி மொன்றியலில் காலமானார். தன் வரலாற்றை எழுதி முடித்தது அதற்குச் சில வாரங்கள் முன்புதான்.

ரூத்தின் கதையை ஒருநாள் அடுப்படியில் வைத்து மாமிக்குச் சொன்னேன். வலிப்பு என்ற சொல்லை வாய்விட்டே சொன்னேன். மாமி திருவுவதை நிறுத்தவில்லை. முடிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தச் சமையலை யார் முடித்தது? கூட இருந்தவர்கள் உதவினார்கள், பிள்ளைகள் ஒழுங்காக மேசையில் இருந்தார்கள் என்றேன். அப்படியென்றால் சரி என்றார். பிறகு, அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நீயும் வா, டொக்டரிடம் கேட்க வேண்டியதை நீ கேள் என்றார். கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.