கறுப்புக் காய்ச்சலை வென்ற உபேந்திரநாத் பிரம்மச்சாரி

எங்கள் பள்ளி வேதியியல் ஆய்வுக்கூடத்தில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். எரிவாயு விளக்கு இருக்கிறது. மின்விசிறி சற்று மெதுவாகச் சுற்றினாலும் நாங்கள் முகம் சுளிப்போம். இவை ஒன்றுமே இல்லாத ஒரு சிறு அறையில், புகை கக்கும் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில், இலட்சக்கணக்கானோர் உயிரைக் காத்த மருந்தொன்றை உருவாக்கினார் ஓர் இந்திய மருத்துவர். அவரே சர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. பெயரைக் கேட்டதும் எங்களில் சிலர் இவர் ஒரு துறவி என்றே எண்ணிவிட்டோம். அது அவருடைய குடும்பப் பெயர்தான். அவர் இல்லறத்தில் வாழ்ந்தவர்.

வங்காளத்தைச் சேர்ந்த இவர் 1873 ஆம் ஆண்டு டிசம்பர் 19 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் நீல்மணி பிரம்மச்சாரி, பீகாரிலுள்ள ஜமால்பூரில் இரயில்வே மருத்துவராகப் பணியாற்றினார். அன்னையார் சௌரப சுந்தரி தேவி. ஜமால்பூரில் பள்ளிப் படிப்பை முடித்த உபேந்திரநாத், ஹூக்ளிக் கல்லூரியில் கணிதத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு 1893 இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியலில் எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு மருத்துவம் பயின்று 1902 இல் எம்.டி. பட்டமும், 1904 இல் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைவது பற்றிய ஆராய்ச்சிக்காக முனைவர் பட்டமும் பெற்றார். கணிதம், வேதியியல், மருத்துவம் என்று இப்படி மாறி மாறிப் படித்தால் இக்காலத்தில் பெற்றோர் கவலைப்படுவர். ஆனால் வேதியியலும் மருத்துவமும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததுதான் பின்னால் நடந்த நன்மைக்கெல்லாம் காரணம்.

சில ஆண்டுகள் டாக்காவில் ஆசிரியப் பணி செய்தபின், 1905 இல் கல்கத்தா சியால்டாப் பகுதியிலிருந்த காம்பெல் மருத்துவப் பள்ளிக்கு ஆசிரியராகவும் மருத்துவராகவும் வந்து சேர்ந்தார். இன்று நீல் ரதன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி என்று வழங்குவது அதுவே.

அந்நாளில் வங்காளத்தையும் அசாமையும் வாட்டி வதைத்த கொடிய நோய் காலா-அசார். கறுப்புக் காய்ச்சல் என்பது அதன் பொருள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் மாதக் கணக்கில் நீடிக்கும். மண்ணீரல் வீங்கி வயிறு பானைபோல் ஆகும். கைகால்கள் குச்சியாய் மெலியும். தோல் கறுத்துவிடும். மருத்துவம் இன்றி விட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் மாண்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்நோய் பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்கின் வழியே ஊர் ஊராகப் பரவியது. அசாமின் நவ்காங் மாவட்டத்தில் 1891 க்கும் 1901 க்கும் இடையில் மக்கள்தொகை பெருமளவு குறைந்துபோயிற்று என்று படித்தபோது எங்களுக்கு மேற்கொண்டு படிக்க மனம் வரவில்லை.

நோய்க் கிருமியைக் கண்டறிந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1903 ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டோனவன் என்பவரும் தனித்தனியே அந்த ஒட்டுண்ணியைப் பற்றி எழுதினர். அதனால்தான் இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டனர். பகைவன் இன்னான் என்று தெரிந்தது. அவனைக் கொல்லும் ஆயுதம்தான் கிடைக்கவில்லை.

1915 ஆம் ஆண்டில் சிசிலித் தீவிலும், கல்கத்தாவில் லியோனார்டு ரோஜர்ஸ் என்பவராலும் ஒரு மருந்து கையாளப்பட்டது. டார்ட்டர் எமெட்டிக் என்ற ஆன்டிமனி உப்பு அது. எமெட்டிக் என்றாலே வாந்தி உண்டாக்குவது என்று பொருள். இரத்தக் குழாயில் வாரக் கணக்கில் ஊசி போடவேண்டும். நோயாளி வாந்தி எடுப்பார், இருமுவார். சிலர் மருந்தின் நஞ்சினாலேயே இறந்தனர். பலர் பாதியிலேயே மருத்துவமனையை விட்டு ஓடிவிட்டனர். கிருமியைக் கொல்லும் நஞ்சு மனிதரையும் கொல்லாதிருக்க என்ன வழி? உபேந்திரநாத்தின் மனத்தை ஆட்கொண்ட கேள்வி இதுதான்.

முதலில் அந்த உப்பில் பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சோடியத்தை வைத்துப் பார்த்தார். நஞ்சு சற்றுக் குறைந்தது. ஆனால் போதவில்லை. பின்பு ஆன்டிமனி உலோகத்தையே மிக நுண்ணிய துகள்களாக்கிக் கொடுத்தார். அது வேலை செய்தது. ஆயினும் அதைத் தயாரிப்பதும் கெடாமல் வைத்திருப்பதும் பெருந்தொல்லையாக இருந்தன. ஆயிரக்கணக்கான கிராமத்து நோயாளிகளுக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

இங்கேதான் அவர் படித்த வேதியியல் கைகொடுத்தது. ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் அறிஞர் ஆர்சனிக் என்ற கொடிய நஞ்சைக் கரிமச் சேர்மங்களோடு இணைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நூற்றுக்கணக்கான பொருள்களைச் செய்து சோதித்து வந்தார். 606 என்று எண்ணிடப்பட்ட பொருள் மேகநோய்க்கு மருந்தாவது 1909 இல் தெரியவந்தது. தனிம அட்டவணையை எடுத்துப் பாருங்கள் தோழியரே! ஆர்சனிக்குக்கு நேர் கீழே இருப்பது ஆன்டிமனி. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். ஆர்சனிக்கை அடக்கிய முறையால் ஆன்டிமனியையும் அடக்கலாமே என்று உபேந்திரநாத் எண்ணினார். தேர்வுக்காக நாங்கள் நெட்டுருப் போடும் அட்டவணையில் இத்தனை உயிர்கள் அடங்கியிருக்கும் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

1919 இன் இறுதியில் இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம் அவருக்குச் சிறு உதவித்தொகை வழங்கியது. காம்பெல் மருத்துவமனையில் ஓர் அறையும் கிடைத்தது. அறை என்று சொல்லத்தான் வேண்டும். தண்ணீர்க் குழாய் இல்லை, எரிவாயு இல்லை, மின்விளக்கு இல்லை. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மாலைக்கு மேல் அங்கே போய் உட்காருவார். பென்சீன் வளையத்தோடு ஆன்டிமனியை இணைத்து ஓர் அமிலத்தை உண்டாக்கினார். அதன் பல உப்புகளைத் தயாரித்தார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நஞ்சு, எவ்வளவு பயன் என்று அளந்தார். கொயினா ஊசியோடு யூரியாவைச் சேர்த்தால் வலி குறையும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. அந்த நினைவில் தம் ஆன்டிமனி அமிலத்தையும் யூரியாவோடு சேர்த்தார். 1920 இல் யூரியா ஸ்டிபமின் பிறந்தது.

கடும் உழைப்புக்குப் பின் ஓர் இரவு பத்து மணி அளவில், மங்கிய விளக்கொளியில், சோதனை தாம் எதிர்பார்த்தபடியே முடிந்திருப்பதைக் கண்டாராம். அந்த இரவை அவர் முதுமையிலும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். அந்த அறையைப் புண்ணியத் தலம் போலக் கருதினார் என்றும் அறிகிறோம்.

ஆனால் குடுவையில் வெற்றி பெற்றால் போதுமா? மனித உடலில் செலுத்த வேண்டுமே! முந்திய மருந்து ஆட்களைக் கொன்றதை நேரில் கண்டவர் அவர். ஆகவே மிகச் சிறிய அளவில் தொடங்கினார். 1922 இல் அவர் வெளியிட்ட முதல் அறிக்கையில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளே. காய்ச்சல் தணிந்தது, மண்ணீரல் சுருங்கியது, மாதக் கணக்கில் நீண்ட சிகிச்சை இரண்டு மூன்று வாரங்களில் முடிந்தது. ஷில்லாங்கில் ஷார்ட் என்னும் ஆங்கில மருத்துவ அதிகாரி இம்மருந்தைத் தாமே சோதித்துப் பார்த்து ஏற்றார். வேறொருவர் சோதித்து ஒப்புக்கொண்டதை நாங்கள் பெரிதாக நினைக்கிறோம். தம் மருந்தைத் தாமே புகழ்வது யாருக்கும் எளிது அல்லவா? பிறகு அசாம் முழுவதும் மருந்து சென்றது. பத்தே ஆண்டுகளில் அம்மாகாணத்தில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்பட்டன என்று அக்காலத்து அதிகாரிகள் கணக்கிட்டனர்.

அதே 1922 இல் இன்னொன்றையும் அவர் எடுத்துக்காட்டினார். காலா-அசார் குணமானவர்களில் சிலருக்குப் பின்னர் தோலில் வெளிறிய புள்ளிகளும் தடிப்புகளும் தோன்றின. அவற்றிலும் அந்த ஒட்டுண்ணியே ஒளிந்திருந்ததை அவர் கண்டார். நோய் போய்விட்டது என்று மகிழ்ந்திருந்த வீட்டிலிருந்தே அது மறுபடி பரவக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று.

பெருமைகள் வந்தன. 1934 இல் சர் பட்டம் கிடைத்தது. 1936 இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். நோபல் பரிசுக்கு 1929 இலும் 1942 இலும் இவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. 1929 இல் பரிசு வைட்டமின் ஆராய்ச்சிக்குப் போயிற்று. 1942 இல் உலகப் போரினால் மருத்துவப் பரிசு யாருக்குமே வழங்கப்படவில்லை. எங்களுக்கு இதில் சற்று வருத்தம்தான். அவர் வருந்தியதாகத் தெரியவில்லை.

அவருடைய மருந்தில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டோம். யூரியா ஸ்டிபமினின் சரியான மூலக்கூறு அமைப்பு என்ன என்பது பற்றி வேதியியலார் நெடுநாள் வாதிட்டனர். பின்னாளில் சோடியம் ஸ்டிபோகுளுகொனேட் என்ற வேறோர் ஆன்டிமனி மருந்து அதன் இடத்தைப் பிடித்தது. 1990 களில் பீகாரில் அதற்கும் கிருமிகள் அஞ்சாமல் போகவே, வேறு மருந்துகள் தேவைப்பட்டன. நோயைப் பரப்புவது மணற்கொசு என்னும் சிறு பூச்சி என்பது 1942 இல் அசாமில் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகிய மூவரால் உறுதிப்பட்டது. தொண்டர்களாக முன்வந்த சிலர் அந்தப் பூச்சி தங்களைக் கடிக்க உடலைக் கொடுத்தனர். உபேந்திரநாத் இதைக் காணும் வரை வாழ்ந்திருந்து, 1946 பிப்ரவரி 6 இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய தேடல் அவரோடு முடியவில்லை. மேல்வகுப்பு மாணவியர் அறிந்த பென்சால்டிஹைடையும் அசெட்டோபீனோனையும் காரத்தில் சேர்த்தால் சால்கோன் என்னும் மஞ்சள் நிறப் பொருள் கிடைக்கும். சில மலர்களின் மஞ்சள் நிறத்துக்கும் இவ்வினப் பொருள்களே காரணம். 1990 களில் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், சீன அதிமதுர வேரிலிருந்து கிடைத்த ஒரு சால்கோனை, காலா-அசார் கிருமி ஏற்றிய வெள்ளெலி இனப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். கிருமிகள் வெகுவாகக் குறைந்தன. அது முதல் பல நாடுகளில், நம் நாட்டிலுந்தான், சால்கோனின் வளையங்களில் இங்கே ஓர் அணுவையும் அங்கே ஓர் அணுவையும் மாற்றி மாற்றிப் புதுப் பொருள்கள் செய்து சோதித்து வருகின்றனர். அவற்றில் ஒன்றும் காலா-அசார் மருந்தாக இன்னும் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. 2023 ஆம் ஆண்டில் வங்கதேசம் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிய முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. உபேந்திரநாத் இளமையில் ஆசிரியப் பணி செய்த டாக்கா இன்று அந்நாட்டின் தலைநகரம்.