பொறிவல்லார் ஹென்றி மாட்ஸ்லி

மரத்தை அறுக்கும் தச்சன் அதனைக் காலால் மிதித்துக்கொள்கிறான். கொல்லன் பழுக்கக் காய்ந்த இரும்பைக் குறட்டாற் பற்றுகிறான். வேலைப்பொருள் சிறிது அசையினும் வெட்டுக் கோணிப் பொருள் பாழாகும். பற்றிப் பிடிக்கும் இவ்வேலையை மனிதர்தம் உறுப்புகளினின்று நீக்கி இரும்பினிடம் ஒப்படைத்தவருள் ஒருவர் ஹென்றி மாட்ஸ்லி என்னும் ஆங்கிலேயர்.

அவர் 1771 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 22 ஆம் நாள், இலண்டனை அடுத்த வுல்விச் என்னும் ஊரிற் பிறந்தார். 12 வயதில் அவ்வூர்ப் படைக்கலச் சாலையில், தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலையில் அமர்ந்தார். பின்னர்த் தச்சுப் பட்டறைக்கு மாற்றப்பட்டார். ஆயினும் அவர் மனம் கொல்லுலையையே நாடிற்று. 15 ஆம் வயதில் அங்கே புகுந்து, அரவேலையிற் கைதேர்ந்தவர் எனப் பெயர் பெற்றார்.

அக்காலத்தில் ஜோசப் பிராமா என்பவர் கள்வர் திறக்கவொண்ணாத பூட்டொன்றை அமைத்திருந்தார். அதன் நுண்ணிய உறுப்புகளைச் செய்ய வல்லாரைத் தேடிய அவர், மாட்ஸ்லியைப் பற்றிக் கேள்வியுற்று அழைப்பித்தார். வந்தவருக்கோ வயது 18. முறைப்படி ஏழாண்டு தொழில் பயின்றவருமல்லர். பட்டறையார் அவரை ஏற்பாரோ என்னும் ஐயம் எழுந்தது. அங்கே தேய்ந்துபோன கவ்வியொன்று கிடந்தது. மேசையிற் பொருத்தப்பெற்று, இரண்டு தாடைகளைத் திருகினால் நெருக்கிப் பொருளைப் பற்றுவது கவ்வி. அன்று மாலை ஆறு மணிக்குள் அதனைப் புதியதுபோல் ஆக்கிவிட்டால் தம்மை ஏற்கத் தடையுண்டோ என மாட்ஸ்லி வினவினார். தாடைகளுக்கு எஃகு முகம் சேர்த்து, அராவி, காய்ச்சி வன்மையேற்றி, குறித்த நேரத்திற்குள் முடித்தார் என்பர். அதன்பின் அவரை மறுப்பார் இலர்.

பிராமாவிடம் தலைமைத் தொழிலாளராய் உயர்ந்தும், அவர் பெற்ற வாரக் கூலி 30 ஷில்லிங்கே. குடும்பம் பெருகவே, 1797 இல் கூலியை உயர்த்துமாறு வேண்டினார், பிராமா இசைந்திலர். கைத்திறனின் விலையறியாத அம்மறுப்பு பிராமாவுக்கே இழப்பாயிற்று. மாட்ஸ்லி விலகித் தனிப் பட்டறை நிறுவினார்.

அந்நாளிற் கடைசற்பொறியில் உளியைக் கையாற் பிடித்தே கடைந்தனர். மாட்ஸ்லி உளியை இரும்புத் தாங்கியில் இறுக்கி, அத்தாங்கியைச் செம்மையான திருகினால் நேரே நகரச் செய்தார். இத்தகைய தாங்கிகள் முன்னரும் இருந்தன; அவற்றை நம்பத்தக்க பொறியாக்கிய பெருமை அவருடையது.

போர்க்கப்பல்களின் பாய்க்கயிறுகளுக்கு மரக்கப்பிகள் எண்ணிறந்தன தேவைப்பட்டன. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அவற்றைச் செய்ய மார்க் பிரூனெல் வகுத்த 45 பொறிகளை மாட்ஸ்லி 1802 முதல் உலோகத்தால் ஆக்கித் தந்தார். அவற்றின் நயம் பற்றிகளில் இருந்தது. கட்டையில் முதலிற் துளையிடும்போதே, அதனை இறுக்கும் பற்றிகள் பக்கங்களிற் சிறு குழிகளைப் பதித்துவிடும். அடுத்த பொறிகளின் பற்றிகள் அக்குழிகளிலேயே வந்து பொருந்தும். ஆதலால் மறுபடி அளந்து கோடிட வேண்டுவதில்லை. காடியும் வளைவும் தத்தம் இடத்திற் பிறழாது அமைந்தன. 1808 இல் ஓராண்டிற் செய்த கப்பிகள் 1,30,000. வல்லுநர் 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர். கைத்திறனால் உயர்ந்த ஒருவரே கைத்திறன் வேண்டாப் பொறிகளைச் செய்தார்; அவ்வல்லுநர்க்கு அஃது இனிய செய்தியாய் இருந்திராது.

நாஸ்மித், விட்வொர்த் முதலிய பொறிவல்லார் அவர் பட்டறையில் தொழில் பயின்றவர்களே. மாட்ஸ்லி 1831 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14 ஆம் நாள் உயிர் நீத்தார். அவருடல் பிறந்த ஊராகிய வுல்விச்சிலேயே அடக்கம் செய்யப்பட்டது. போர்ட்ஸ்மத்துக் கப்பிப் பொறிகளுட் சில இலண்டன் அறிவியற் பொருட்காட்சிச் சாலையில் உள்ளன.