பாராமகாலில் ஸர் தாமஸ் மன்றோ

தருமபுரியினின்று கிருஷ்ணகிரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் காரிமங்கலம் என்னும் ஊர் உளது. குன்றின்மீது அருணேசுவரர் கோயிலும் அதனைச் சூழ்ந்த வயல்களும் தோப்புகளும் அவ்வழிச் செல்வோர் கண்ணுக்கு இனியன. அவ்வூரில் வாரந்தோறும் கூடும் சந்தையிற் சிறிது நேரம் நின்று பார்ப்போமாயின், தமிழ் பேசுவோரும், தெலுங்கு பேசுவோரும், கன்னடம் பேசுவோரும், உருது பேசுவோரும் தம்முட் கலந்து விலை பேசுதலைக் காணலாம். சொல் விளங்காமையால் அங்கே கொடுக்கல் வாங்கல் தடைப்படுவது அரிது. விரலைக் காட்டியேனும் விலையை முடித்துக்கொள்வர். ஆயின், இன்ன மொழியார் ஏமாற்றுவர், இன்ன ஊரார் சொன்ன சொல் தவறுவர் என்று முன்னரே மனத்திற் கொண்டுவந்த எண்ணம் இருக்கின்றதே, அதுவே பேச்சைக் கெடுப்பது. மொழிக்கு மொழிபெயர்ப்பாளன் உண்டு. தவறான முன்னெண்ணத்திற்கு அவ்வாறு ஒருவனும் இலன்.

நம் கல்லூரியிற் பயிலும் மாணவருட் பலர் நாளை வேற்று மொழியாரோடும் வேற்று நாட்டாரோடும் வாணிகமும் உத்தியோகமும் செய்யப் புகுவர். அவர்கட்குப் பயன்படுமென்று கருதி, இந்நாட்டிலேயே ஏழாண்டு தங்கி, அயலாரை அறிதல் எங்ஙனம் என்பதைக் கற்றுக்கொண்ட ஒருவரது வரலாற்றைச் சுருங்கக் கூறப் புகுகின்றோம். அவர் ஸர் தாமஸ் மன்றோ.

மன்றோ 1761ஆம் ஆண்டு மே மாதம் 27ஆம் நாள் ஸ்காத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிற் பிறந்தார். அவர் தந்தையார் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவோடு புகையிலை வாணிகம் செய்தவர். மன்றோ கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திற் சில காலம் கற்றுப் பின்பு ஒரு வணிகர் நிலையத்திற் கணக்குப் பழகினார். அமெரிக்கர் தம் சுதந்திரத்தின் பொருட்டுப் போர் தொடுக்கவே, கடல் வாணிகம் குலைந்து தந்தையார் செல்வம் அழிந்தது. மகனார் கும்பினியின் படையிற் சேர்ந்து பிழைக்க வேண்டியவரானார். இளமையில் வந்த தட்டம்மை நோயால் அவரது செவிப்புலன் சற்றுக் குறைந்திருந்தது. செவி மந்தமான இவரே பிற்காலத்தில் எளியோர் சொல்லைக் கேட்பதிற் பெயர் பெற்றவரானார் என்பது வியத்தற்குரியது.

1780ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் மன்றோ சென்னைக் கரையில் இறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது பதினெட்டு. இறங்கியவுடன் மரியாதையான தோற்றமுடைய ஒருவன் வந்து, தான் முன்னர்ப் பல துரைமாரிடம் வேலை பார்த்தவன் என்று நற்சாட்சிப் பத்திரங்களைக் காட்டி, அவரிடம் வேலைக்கு அமர்ந்தான். சீமையிலிருந்து கொண்டுவந்த உடைகள் இத்தேசத்திற்கு ஆகாவென்றும், வேறு உடைகள் தைப்பித்துத் தருவதாகவுஞ் சொல்லி, உடைகளையும் பணத்தையும் வாங்கிச் சென்றவன் திரும்பி வந்திலன். இந்தியர் ஒருவரோடு மன்றோ செய்துகொண்ட முதற் கொடுக்கல் வாங்கல் இதுவேயாம்.

இவ்விடத்தில் நம் வாசகர் சிறிது நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவனால் வஞ்சிக்கப்பட்டவன் அவன் இனத்தார் அனைவரையும் வஞ்சகர் என்று தீர்ப்பது உலகத்து வழக்கம். அக்காலத்துச் சென்னையில் அத்தீர்ப்பைச் சொல்லிக்கொடுக்கப் பெரியோர் பலர் இருந்தனர். இளைஞராகிய மன்றோவோ அந்நிகழ்ச்சியைத் தம் பேதைமைக்குக் கிடைத்த பாடமாகக் கொண்டு, வேடிக்கையாகவே வீட்டிற்கு எழுதினார். ஒரு திருடனைக் கண்டவர் ஒரு திருடனையே கண்டார். ஒரு தேசத்தைக் கண்டதாக அவர் கருதவில்லை.

அதன்பின் ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நடந்த போர்களில் மன்றோ பணி செய்தார். பாசறையிற் கிடைத்த ஓய்வு நேரத்தில் ஹிந்துஸ்தானியும் பாரசீகமும் கற்றார். மொழி கற்றவர்க்கு அந்நாளில் ஊதியம் மிகுதியாகக் கிடைக்கவில்லை. ஆயினும் அவ்வுழைப்பே அவர் வாழ்க்கையின் போக்கை மாற்றிற்று.

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையாற் பாராமகால் நாடு திப்புவினிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. இந்நாளில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களாக விளங்கும் நிலத்திற் பெரும்பகுதியும் அதனைச் சார்ந்த சில ஊர்களும் அதன்கண் அடங்கியிருந்தன. காரிமங்கலமும் அந்நாட்டு ஊரே. இதனை ஆளுதற்குக் கும்பினியின் சிவில் உத்தியோகஸ்தரை அனுப்பாமல், கவர்னர் ஜெனரலாகிய காரன்வாலிஸ் பிரபு படைத்தலைவர் அலெக்ஸாந்தர் ரீட் என்பவரை நியமித்தார். சென்னைச் சிவில் உத்தியோகஸ்தருள் நாட்டு மொழி அறிந்தார் மிகச் சிலராயிருந்தமையே இதற்குக் காரணம். ரீடுக்கு உதவியாக வந்த இளந்தலைவருள் மன்றோ ஒருவர். தருமபுரியைத் தமக்கு இருப்பிடமாகக் கொண்டு 1799ஆம் ஆண்டு வரை இங்கே பணி புரிந்தார்.

அதுகாறும் துரைமார் குடிகளைக் கண்டது துபாஷிகளின் கண்ணால். அவர் குரலைக் கேட்டதும் துபாஷிகளின் வாயால். இடையில் நின்றவன் சொன்னதே நாட்டின் இயல்பென்று எழுதிவைத்தனர். ரீடும் மன்றோவும் இம்முறையை மாற்றினர். வயல் தோறும் அளந்து, மண்ணின் தரம் பிரித்து, தீர்வையை விதித்து, பயிரிடும் குடியானவனிடமே நேராகத் தீர்வை பெறும் ஒழுங்கு இங்கே உருவாயிற்று. பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்று இராஜதானியின் பெரும்பகுதியிற் பரவிய முறைக்குப் பாராமகாலே தொட்டில். இம்முறையில் அதிகாரி மாளிகையில் அமர்ந்திருத்தல் இயலாது. ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்து, ஒவ்வொரு குடியானவனோடும் பேசியாக வேண்டும். காலை முதல் இரவு வரை குடிகள் தம்மைச் சூழ்ந்திருப்பதைப்பற்றி மன்றோ தம் உறவினர்க்குப் பல கடிதங்கள் வரைந்துள்ளார்.

இந்நாட்டுக் குடியானவன் பொய் சொல்லுபவன், விளைச்சலை மறைப்பவன், கந்தை உடுத்து வறுமை காட்டுபவன் என்பது அந்நாளைத் துரைமாரிடையே பரவிய கொள்கை. மன்றோவும் அவ்வாறு மறைப்போரைக் கண்டார், இல்லையென்று கூறினாரல்லர். ஆனால், மற்றவர் நிறுத்திய இடத்தில் அவர் நிற்கவில்லை. ஏன் மறைக்கிறான் என்று ஆராய்ந்தார். நல்லாடை உடுத்தவனைக் கண்டால் அடுத்த ஆண்டு அவன் வரியை உயர்த்துவது பழைய அதிகாரிகளின் வழக்கமாயிருந்தது. எனவே, மறைத்தல் அம்மக்களின் பிறவிக் குணமன்று. அரசாட்சி அவர்கட்குக் கற்பித்த தற்காப்பு. இவ்வுண்மையை உணர்ந்தமையே மன்றோவின் முதற் பெருமை என்று நாம் கருதுகின்றோம். பிறர்பாற் காணும் குற்றம் எந்நிலைமையில் விளைந்தது என்று வினவுவோன், அந்நிலைமைக்குத் தானும் ஓரளவு காரணமோ என்றும் வினவ நேரிடும்.

பாராமகாலில் அவர் கண்ட மற்றொன்று நெசவாளர் துயரம். கும்பினியின் வாணிக ஊழியர் நெசவாளருள் முதன்மையானோரை ஒருங்கே கூட்டி, கும்பினிக்கன்றிப் பிறர்க்குத் துணி கொடுப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்யுமளவும் அவர்களைக் காவலில் வைத்தனர். இதனை மன்றோ பின்னர்ப் பார்லிமெண்டு சபையார் முன் வெளிப்படையாகச் சொன்னார். காவலாளை நிறுத்திப் பெற்ற கையொப்பத்தை ஒப்பந்தம் என்று பேரேட்டில் எழுதிவிட்டு, நெசவாளன் மனமார்ந்து வேலை செய்கின்றிலன் என்று குறை கூறுதல் எத்துணை அறியாமை!

தருமபுரியில் மன்றோ ஒரு தோட்டம் அமைத்து வளர்த்தார். 1799ஆம் ஆண்டு திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதிக்கு மாற்றப்பட்டபொழுது, அத்தோட்டத்தையும் ஊரையும் பிரிய மனமின்றியே சென்றார். 1800ஆம் ஆண்டு முதல் 1807 வரை பல்லாரி, கடப்பை முதலிய ஜில்லாக்களின் தலைமை அதிகாரியாக விளங்கினார். 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டையிற் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபொழுது, தலைப்பாகையையும் தாடியையும் நெற்றிக் குறியையும்பற்றிப் படையதிகாரிகள் பிறப்பித்த கட்டளைகளே அதற்குக் காரணமென்று கவர்னர் பெண்டிங்க் பிரபுவுக்கு எழுதினார். அக்கட்டளைகளை எழுதினோர் சிப்பாய்களுள் ஒருவனையேனும் அழைத்துக் கேட்டிருப்பாராயின், அத்தனை உயிர்கள் மாண்டிரா.

1807ஆம் ஆண்டு தாயகம் சென்ற மன்றோ, 1813ஆம் ஆண்டு கும்பினியின் சாஸனத்தைப் புதுப்பிக்கும் விசாரணையிற் பார்லிமெண்டு காமன்ஸ் சபையார் முன் சாட்சி கூறினார். ஆங்கில வணிகர் அந்நாளில் இந்தியாவைப் பெருஞ் சந்தையாகக் கனவு கண்டனர். இந்தியர் நாகரிகமற்றவராதலின் சீமைச் சரக்கின் அருமையை அறியவில்லை. அறிவித்தால் வாங்குவர் என்பது அவர் எண்ணம். மன்றோ இதனை மறுத்தார். இத்தேசத்தார் சீமைச் சரக்கை வாங்காமைக்குக் காரணம் அறியாமையன்று. வெப்பமான நாட்டின் வாழ்க்கை முறையும், தமக்கு வேண்டுவனவற்றைத் தாமே திறம்படச் செய்துகொள்ளும் ஆற்றலுமே என்றார். தாம் ஏழாண்டு போர்த்திய இந்தியச் சால்வை ஒன்று சிறிதும் கெடாதிருத்தலை எடுத்துக்காட்டி, ஐரோப்பியச் சால்வையை ஒருவர் இனாமாகக் கொடுப்பினும் தாம் போர்த்தப் போவதில்லை என்றார். இந்தியரின் பயிர்த்தொழிலையும் கைத்தொழிலையும், ஊர்தோறும் உள்ள பள்ளிகளையும், விருந்தோம்பலையும் எடுத்துரைத்து, நாகரிகமும் ஒரு வாணிகச் சரக்காகுமாயின் அதனை இறக்குமதி செய்தலால் இங்கிலாந்தே இலாபமடையும் என்று முடித்தார். தம் நாட்டு வணிகர் கேட்க விரும்பாத செய்தியை அவர் சபையிலேயே சொல்லுதற்கு நெஞ்சுறுதி வேண்டும். பாராமகாலின் கூடாரத்திற் பன்முறை கேட்ட செவி அவ்வுறுதியைத் தந்தது.

1814ஆம் ஆண்டு மீண்டும் இந்தியா வந்து, 1820ஆம் ஆண்டு சென்னை இராஜதானியின் கவர்னரானார். இந்தியர் கல்வியற்றவர் என்று பலரும் பேசியபொழுது, 1822ஆம் ஆண்டு ஜில்லாதோறும் உள்ள பள்ளிகளை எண்ணிக் கணக்கனுப்புமாறு கலெக்டர்கட்குக் கட்டளையிட்டார். பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 உளவென்று தெரியவந்தது. அக்கல்வி போதுமானதன்று என்றும் அவர் ஒப்புக்கொண்டு, 1826ஆம் ஆண்டு புதிய பள்ளிகளை ஏற்படுத்தும் திட்டம் ஒன்றை வகுத்தார். புகழ்ச்சியானும் இகழ்ச்சியானும் பேசாமல் எண்ணிப் பார்த்துப் பேசுதல் அவர் வழி. 1824ஆம் ஆண்டின் இறுதி நாளில் எழுதிய குறிப்பிலோ இன்னும் ஒரு படி சென்றார். உயர்ந்த பதவி எதனையும் இந்தியர்க்குக் கொடாமல் விலக்கிவைத்துவிட்டு, அவர்பால் உயர்ந்த குணத்தை எதிர்பார்த்தல் முறையன்று. நம்பிக்கை வைக்கப்படாத மக்கள் நம்பத்தக்கவராதல் எங்ஙனம் என்பது அதன் கருத்து. இந்தியர் தம்மைத் தாமே ஆளும் தகுதி பெறும் நாளில் ஆங்கிலேயர் தம் ஆட்சியை விட்டு விலகுதலே இரு தேசத்தார்க்கும் நலம் என்றும் அதில் எழுதினார்.

1827ஆம் ஆண்டு, பதவியினின்று விலகித் தாயகம் செல்லுமுன், தாம் பழகிய குடிகளைக் காண வேண்டிச் சுற்றுப்பயணம் சென்றவர், ஜூலை மாதம் 6ஆம் நாள் பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி நோயால் உயிர் நீத்தார். அப்பகுதி மக்கள் தம் பிள்ளைகட்கு அவர் பெயரை இட்டு வழங்கினர். சேணமும் அங்கவடியுமின்றிக் குதிரைமேல் அமர்ந்த அவரது சிலை, 1839ஆம் ஆண்டு முதல் சென்னையில் நிற்கின்றது.

இவ்வளவு கூறியபின் ஒன்றை மறைப்போமாயின் நாம் நடுநிலை தவறியவராவோம். மன்றோ வென்றோரின் ஊழியர். அவர் விதித்த தீர்வை குடிகட்குப் பாரமாகவே இருந்தது. அதனை அவரே உணர்ந்து, 1807ஆம் ஆண்டு நூற்றுக்கு இருபத்தைந்து குறைக்குமாறு மேலிடத்திற்கு எழுதினார். மேலிடத்தார் அப்பொழுது இசைந்திலர். கேட்டறிந்தவர் ஒருவர், தீர்மானிப்பவர் வேறு சிலர். தனி மனிதர் ஒருவரது நல்லெண்ணம் நிலைத்த ஒழுங்காக மாறாதவரை அதன் பயன் அரைகுறையே. அவரை நாம் தேவராகப் போற்றவேண்டுவதில்லை. அவர் கண்ட வழியை மட்டும் கைக்கொள்வோமாக.

அவ்வழி யாது? ஒருவன் செய்த பிழையை அவன் இனத்தின்மேல் ஏற்றாமை; அயலானது மொழியைச் சிறிதேனும் கற்றல்; இடையில் நிற்பவன் வாயால் அன்றி நேரிற் கேட்டல்; ஒழுக்கக் குறைவாகத் தோன்றுவதற்கு நிலைமையிற் காரணம் தேடுதல்; கேட்டதைத் தம்மவர் வெறுப்பினும் தம்மவரிடமே சொல்லுதல். இவ்வைந்தும் கவர்னர்க்கு மட்டும் உரியன அல்ல. காரிமங்கலத்துச் சந்தையில் அயல்மொழியான் ஒருவனோடு தேங்காய்க்கு விலை பேசுபவனுக்கும் உரியனவே. பிறர் நம்மைப்பற்றிக் கொண்ட தவறான எண்ணத்தை நாம் எளிதிற் காண்கின்றோம். நாம் பிறரைப்பற்றிக் கொண்டதையோ காண்பதரிது. வட நாட்டினின்று இங்கு வந்து உழைக்கும் கூலியாளரைப்பற்றி நம்மிடையே வழங்கும் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. நம் மாணவர் கல்லூரி வாயிலைக் கடக்குமுன் இப்பாடத்தைக் கற்றுச் செல்வாராயின், அவர் பெறும் பட்டத்திற்கு அது பொருளுடையதோர் அணியாகும்.