மாயூரம் முன்சீப் வேதநாயகர்

இராசபாளையத்திலிருந்து வழக்கொன்றின் பொருட்டுத் திருவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்துக்குச் செல்லும் உழவர், ஆண்டாள் கோயில் கோபுரத்தைக் கண்டு தமிழில் வேண்டிக்கொள்கிறார். பின்னர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் அமர்ந்து, தம் வழக்கைப் பற்றி உள்ளே பேசப்படுவது தமக்கு விளங்குமோ விளங்காதோ என்று காத்திருக்கிறார். அக்காட்சியைக் காணுந்தோறும் எம் நெஞ்சில் எழுபவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. முதல் தமிழ் நாவலை இயற்றியவர் என்று அவரைப் போற்றும் நாம், அவர் வீற்றிருந்த நீதிபீடத்தை அத்துணை நினைப்பதில்லை.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826 அக்டோபர் 11ஆம் நாள் பிறந்தவர் அவர். திருச்சி நீதிமன்றத்தில் முதலில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். முன்சீப் தேர்வில் வென்றபின் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். மாயூரத்தில் மட்டும் 13 ஆண்டுகள்! ஊர்ப்பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று.

மொழிபெயர்ப்பாளராயிருந்த காலத்திலேயே, மன்றத்தின் மொழிக்கும் மக்களின் மொழிக்கும் இடைப்பட்ட பள்ளத்தை அவர் நாள்தோறும் கண்டிருப்பார். அதைத் தூர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்தார். சென்னைச் சதர் அதாலத் என்னும் உயர்மன்றம் 1805 முதல் 1861 வரை அளித்த தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862இல் 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அவ்வாண்டிலேயே. கலைச்சொல் அகராதியின் துணை இல்லாத அக்காலத்தில் தனியொருவர் செய்த பணி இது. கவிஞர்களாகிய நாம் இந்நூலைப் பேசாதது குறையே.

முன்சீபாக அமர்ந்த சில ஆண்டுகளுக்குள் அவர் இயற்றிய 'நீதிநூல்' கைக்கூலிக்கு ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது. பிறர் அறிவுரையாகப் பாடுவதை அவர் தம் அலுவலக அனுபவத்திலிருந்து பாடினார் என்றே கொள்ளத் தோன்றுகிறது.

1872இல் ஓய்வு பெற்றார். பின்னர் மாயூரம் நகராட்சித் தலைமையும் அவரை நாடி வந்தது. 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் தம் பொருளை ஈந்து பசித்தோர்க்கு உணவளித்தார். நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அக்கொடையை வியந்து பாடினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையோ, கத்தோலிக்கராகிய இவரைத் தலைவராக்கிக் 'குளத்துக்கோவை' இயற்றினார். சமயம் அந்நட்புக்குத் தடையாகவில்லை.

1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' கதையின்பத்துக்காகவே நினைக்கப்படுகிறது. ஆயினும் நீதிபதியும் வழக்கறிஞரும் வழக்காளியும் தமிழராயிருக்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நிகழும் கேட்டை அந்நூல் கடுமையாகச் சாடுகிறது. நகைச்சுவைக்குள்ளே ஒளிந்திருக்கும் முன்சீபின் சினம் அது. கீழ்நிலை நீதிமன்றங்களில் தமிழுக்கு வழிவகுத்த ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் 1976இல்தான் வந்தது. இடையே கழிந்தவை 97 ஆண்டுகள்.

1889 ஜூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன. சித்தாந்த சங்கிரகத்தை விரித்துப் படிப்போர்தாம் அரியர்.