குதிரை வீரன் பவுனைச் செதுக்கிய ரோமாபுரிக்காரர்

நகைக் கடையில் சவரன் என்ன விலை என்று கேட்கிறோம். சவரன் என்பது தமிழ்ச் சொல் அல்ல. சாவரின் என்ற ஆங்கிலத் தங்கக் காசின் பெயர்தான் நம் வாயில் சவரன் ஆயிற்று. பவுண்டு என்பது பவுன் ஆயிற்று. அந்தக் காசின் எடை 7.988 கிராம். அதை 8 கிராம் என்று முழுதாக்கி, இன்றும் தாலி முதல் காப்பு வரை கணக்குப் போடுகிறோம்.

ஊரில் பாட்டியின் காசுமாலையிலோ, அம்மாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய பவுன் ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ராஜா தலை அல்லது ராணி தலை இருக்கும். மறு பக்கத்தில் பெரும்பாலும் குதிரை மேல் ஒரு வீரன். குதிரையின் காலடியில் இறக்கை முளைத்த ஒரு கொடிய பாம்பு. அந்த வீரன்தான் புனித ஜார்ஜ். சென்னைக் கோட்டைக்குப் பெயர் தந்தவரும் இவரே.

அந்தக் குதிரையையும் வீரனையும் செதுக்கியவர் ஆங்கிலேயர் அல்ல. பிழைப்புத் தேடி லண்டனுக்குப் போன ஓர் இத்தாலியர். பெயர் பெனடெட்டோ பிஸ்துருச்சி.

நீதிபதியின் மகன்

1783-ம் ஆண்டு மே 29-ந் தேதி ரோம் நகரில் பிஸ்துருச்சி பிறந்தார். தந்தை போப்பாண்டவர் ஆட்சியில் குற்றவியல் நீதிபதி. மகனும் நன்றாகப் படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போகவேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ படிப்பு ஏறவில்லை.

1796-ல் நெப்போலியனின் படை இத்தாலிக்குள் புகுந்தது. நீதிபதியின் குடும்பம் ஊர் ஊராக இடம் மாறி அலைந்தது. கடைசியில் சிறுவன் பெனடெட்டோ, கேமியோ செதுக்கும் பட்டறையில் தொழில் பழகச் சேர்ந்தான். பல நிற அடுக்குகள் கொண்ட கல்லில், மேல் அடுக்கை மட்டும் செதுக்கி உருவத்தைப் புடைப்பாக எழுப்புவதே கேமியோ வேலை. நகத்தளவு இடத்தில் ஒரு முகத்தைக் கொண்டுவர வேண்டும். கண்ணும் கையும் கொஞ்சம் தவறினாலும் விலை உயர்ந்த கல் பாழாகிவிடும்.

பட்டறையில் நடந்த தகராறில், உடன் பழகிய ஒருவன் அவனை வயிற்றில் கத்தியால் குத்திவிட்டான். படுத்த படுக்கையாகக் கிடந்த நாட்களில், அந்தப் பையன் சும்மா இருக்கவில்லை. மெழுகில் உருவம் பிடிக்கத் தானாகவே கற்றுக்கொண்டான். பின்னாளில் அவர் செய்த நாணய வேலைக்கெல்லாம் அந்த மெழுகு வேலைதான் அடிப்படை.

1800-ல் ரோம் நகரின் கலைப் பள்ளியில் சிற்பத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. இளம் வயதிலேயே தனித் தொழில் தொடங்கினார். திருமணமும் ஆயிற்று, குழந்தைகளும் பிறந்தார்கள்.

5 பவுண்டுக்குப் போன தலை

அந்தக் காலத்தில் ரோமில் பழம்பொருள் வியாபாரம் அமோகமாக நடந்தது. பிஸ்துருச்சி புதிதாகச் செதுக்கிய கற்களை வியாபாரி ஒருவர் மலிவாக வாங்குவார். அவற்றையே 2,000 வருடப் பழமையானவை என்று சொல்லிச் சீமான்களிடம் விற்றுவிடுவார். இதை அறிந்த பிஸ்துருச்சி, தன் வேலை ஒவ்வொன்றிலும் யாருக்கும் தெரியாத இடத்தில் ஓர் அடையாளம் வைக்கத் தொடங்கினார்.

1814-ன் கடைசியில் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பாரிசுக்குப் போனார். அடுத்த ஆண்டு வாட்டர்லூ போரில் நெப்போலியன் தோற்றார். பிஸ்துருச்சி அங்கிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் சர் ஜோசப் பேங்க்ஸ் என்ற பெரிய விஞ்ஞானியின் வீட்டில் ஒரு நாள், ரிச்சர்டு பெய்ன் நைட் என்ற கலை நிபுணர் தன் சேகரிப்பில் இருந்த அரிய கேமியோ ஒன்றை எடுத்துக் காட்டினார். பூச்சூடிய பிளோரா தேவதையின் தலை அது. மிகப் பழைய கிரேக்க வேலை என்பது அவரது நம்பிக்கை.

பிஸ்துருச்சி அதைப் பார்த்ததும் தன் கை வேலை என்று சொல்லிவிட்டார். சுமார் 5 பவுண்டுக்கு அந்த வியாபாரியிடம் விற்ற கல் அது. ரகசிய அடையாளத்தையும் காட்டினார். நிபுணர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அதே மாதிரி இன்னொரு பிளோராவை பிஸ்துருச்சி செதுக்கிக் காட்டியதும், லண்டன் கனவான்களிடையே அவர் பெயர் பரவியது.

குதிரை வீரன் பிறந்தான்

பிரான்சோடு நடந்த நீண்ட யுத்தத்தால் அப்போது இங்கிலாந்தின் நாணயங்கள் சீர்குலைந்து கிடந்தன. 1816-ல் புதிய நாணயச் சட்டம் வந்தது. லண்டன் நாணயச் சாலையின் தலைவர் வில்லியம் வெல்லஸ்லி போல். வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபுவின் அண்ணன் இவர். பிஸ்துருச்சியின் திறமையைக் கண்டு நாணய வேலையை அவரிடம் கொடுத்தார்.

1817-ல் புதிய பவுன் வெளிவந்தது. அதன் பின்புறத்துக்குப் புனித ஜார்ஜ் உருவத்தைச் செதுக்கியதற்காக பிஸ்துருச்சிக்கு 100 கினி கூலி கிடைத்தது. அவர் தங்கியிருந்த ஓட்டலில் வேலை பார்த்த இத்தாலியப் பணியாள் ஒருவரை நிற்கவைத்து, அந்த வீரனின் உடலை அமைத்தார் என்பார்கள். முதலில் வீரன் கையில் முறிந்த ஈட்டி இருந்தது. 1821-ல் அது குட்டை வாளாக மாறியது.

குற்றம் சொன்னவர்களும் உண்டு. சேணமும் அங்கவடியும் இல்லாமல், உடலில் சரியான உடையும் இல்லாமல் யாராவது சண்டைக்குப் போவார்களா என்று கேட்டார்கள். காசு நிலைத்துவிட்டது.

வேலை உண்டு, பதவி இல்லை

1817 செப்டம்பரில் நாணயச் சாலையின் தலைமைச் செதுக்காளர் தாமஸ் வையன் இளம் வயதில் இறந்தார். அந்த இடம் பிஸ்துருச்சிக்குத்தான் என்று வெல்லஸ்லி போல் வாக்குக் கொடுத்தார். ஆனால் வெளிநாட்டாருக்கு அரசாங்கப் பதவி கூடாது என்று பழைய சட்டம் குறுக்கே நின்றது.

அதிகாரிகள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பதவியைக் காலியாகவே வைத்தார்கள். வேலையை பிஸ்துருச்சியிடம் வாங்கினார்கள். ஆண்டுக்கு 500 பவுண்டு சம்பளமும், நாணயச் சாலைக்குள்ளேயே வீடும் கிடைத்தன. பட்டம் மட்டும் இல்லை. ஆக்டிங் என்ற பெயரில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். சம்பளம் வருகிறது, நாற்காலி மட்டும் தன்னுடையது இல்லை.

அவரும் வாயை அடக்குகிறவர் அல்ல. முன்கோபி. 1818-ம் ஆண்டுப் பெரிய வெள்ளிக் காசான கிரவுனில், ராஜா தலைக்கு அடியிலும் குதிரைக்கு அடியிலும் பிஸ்துருச்சி என்று தன் குடும்பப் பெயரை முழுதாகப் பொறித்தார். அன்னியனுக்கு எவ்வளவு கர்வம் என்று பத்திரிகைகள் சீறின. ராஜாவின் கழுத்து எருதுக் கழுத்து மாதிரி அமைந்துவிட்ட அரைக் கிரவுன் காசுக்காகவும் அவர்மேல் பழி விழுந்தது. அவர் கொடுத்த மாதிரியைப் பார்த்து, அந்தக் காசின் அச்சை வெட்டியவர் தாமஸ் வையன்.

1823-ல் வெல்லஸ்லி போல் பதவியை விட்டுப் போனார். ஆதரவு போயிற்று. நான்காம் ஜார்ஜ் மன்னருக்குக் காசில் இருந்த தன் முகம் பிடிக்கவில்லை. சாந்திரே என்ற சிற்பி செய்த மார்பளவுச் சிலையைப் பார்த்துப் புது அச்சு வெட்டும்படி உத்தரவு வந்தது. மற்றொரு கலைஞனின் வேலையைக் காப்பி அடிக்க முடியாது என்று பிஸ்துருச்சி மறுத்துவிட்டார். மன்னரின் உத்தரவையே மறுத்தவருக்கு அதன்பின் நாணய வேலை கிடைப்பது நின்றது.

1828-ல் தலைமைச் செதுக்காளர் பதவி வில்லியம் வையனுக்குப் போயிற்று. அவரும் சாமானியர் அல்ல. 1840-ம் ஆண்டு நம் நாட்டு வெள்ளி ரூபாயில் உள்ள விக்டோரியா ராணியின் தலை அவர் செய்ததுதான். பிஸ்துருச்சிக்குத் தலைமைப் பதக்கச் சிற்பி என்று ஒரு புதுப் பட்டம் தந்து சமாதானம் செய்தார்கள். இதற்குள் 1825-ம் ஆண்டோடு பவுனில் இருந்து குதிரை வீரனையும் எடுத்துவிட்டு, அரசுக் கேடயத்தைப் போட்டிருந்தார்கள்.

முப்பது வருடப் பதக்கம்

1819-ல் அவரிடம் இன்னொரு பெரிய வேலை ஒப்படைக்கப்பட்டது. வாட்டர்லூ வெற்றியின் நினைவாக ஒரு பதக்கம். வென்ற நான்கு நாடுகளின் அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் கொடுப்பதற்காக. குறுக்களவு 5 அங்குலத்துக்கு மேல்.

அந்த வேலை முடிய முப்பது ஆண்டுகள் ஆயின! முடித்துக் கொடுத்தால் தன்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தே இழுத்தடித்தார் என்று அப்போது பேசிக்கொண்டார்கள். 1849-ல் அச்சுகளை ஒப்படைத்தபோது நான்கு அரசர்களும் இறந்துபோயிருந்தார்கள். பெற வேண்டியவர்களில் உயிரோடு இருந்தவர் வெலிங்டன் ஒருவர்தான்.

அச்சைப் பழுக்கக் காய்ச்சி உரமேற்றினால் அவ்வளவு பெரிய எஃகு விரிந்துவிடலாம் என்று நாணயச் சாலை அஞ்சியது. அதனால் அந்தப் பதக்கம் திட்டமிட்டபடி அடிக்கப்படவே இல்லை. மிருதுவான பொருளில் படிகள் மட்டும் எடுத்தார்கள். அவற்றைப் பார்த்தவர்கள் வேலைப்பாட்டின் நுணுக்கத்தைக் கண்டு வியந்தார்கள்.

கடைசிக் காலத்தில் பிஸ்துருச்சி, லண்டனுக்கு வெளியே விண்ட்ஸர் பக்கம் குடியேறினார். அங்கே தன் வீட்டுக்கு பிளோரா என்றே பெயர் வைத்தார். ஒரு காலத்தில் தன் வேலை என்று ஒப்புக்கொள்ளப்படாத அதே பெயர்! 1855-ம் ஆண்டு செப்டம்பர் 16-ந் தேதி, 72-ம் வயதில் அங்கே காலமானார்.

பம்பாய்க்கு வந்த குதிரை

அவர் இறந்து 16 ஆண்டுகள் கழித்து, 1871-ல் குதிரை வீரன் மீண்டும் பவுனில் ஏறினான். லண்டனில் மட்டுமல்ல, சிட்னி, மெல்போர்ன் என்று கடல் கடந்த நாணயச் சாலைகளிலும் அடிக்கப்பட்டான்.

முதல் உலக யுத்தத்தின்போது தங்கத்தைக் கப்பலில் ஏற்றி லண்டனுக்கு அனுப்புவது ஆபத்தாயிற்று. ஆகவே 1918-ல் பம்பாயிலேயே லண்டன் நாணயச் சாலையின் கிளை ஒன்று திறக்கப்பட்டது. சுமார் 13 லட்சம் பவுன்கள் அங்கே அடிக்கப்பட்டன. 1919-ல் கிளையை மூடிவிட்டார்கள். முன்பு விக்டோரியா டெர்மினஸ் என்ற சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினசில் இறங்கிக் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குப் போகிறவர்கள், ரிசர்வ் வங்கியின் எதிரே நாணயச் சாலையைப் பார்த்திருப்பார்கள். பம்பாய்ப் பவுன் பிறந்த இடம் அதுதான்.

காசு சேகரிப்பவர்களுக்கு அரிதான பவுன் 1819-ம் ஆண்டுக் காசு. மொத்தம் 3,574 மட்டுமே அடித்தார்கள். பம்பாய்ப் பவுன் அத்தனை அரிதல்ல. ஆனாலும் ஓர் ஆண்டு மட்டும் அடித்ததால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வளையம் பற்றவைத்த காசுக்கும், தேய்த்து மெருகு ஏற்றிய காசுக்கும் சேகரிப்பவர் அதிக விலை தரமாட்டார். தங்கத்தின் விலைதான் கிடைக்கும். எனவே பழைய காசு கிடைத்தால், உருக்கக் கொடுப்பதற்கு முன் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

1918 என்ற ஆண்டுக்கு நேர் மேலே, குதிரை நிற்கும் தரையில் ஐ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய்க் காசு. ஆண்டுக்கு வலப்புறம், விளிம்பை ஒட்டிக் கடுகை விடச் சிறியதாக இன்னும் இரண்டு எழுத்துகள் தெரியும். பி, பி. பெனடெட்டோ பிஸ்துருச்சி.

2017-ல் பவுனுக்கு 200 வயது நிறைந்தபோது, லண்டன் நாணயச் சாலை அவருடைய முதல் வடிவத்தையே மீண்டும் அடித்து வெளியிட்டது. அவருக்கு மறுக்கப்பட்ட பதவியில் அதன்பின் யார் யாரோ இருந்துவிட்டுப் போனார்கள். அந்த இரண்டு எழுத்துகள் மட்டும் இன்றும் காசில் இருக்கின்றன.