யூத சமூகத் தலைவர் லியோ பேக்

ஒரு சமூகத்திற்குத் தலைவராயிருப்போர் இருவகையர். நற்காலத்தில் முன்னிற்போர் ஒருவகையர். இடர்க்காலத்தில் உடன்நிற்போர் மற்றொரு வகையர். முன்னவர் பலர்; பின்னவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராகிய லியோ பேக் என்னும் யூத குருவின் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம்.

இவர் 1873ஆம் வருஷம் மே மாதம் 23ந் தேதி, அந்நாளிற் பிரஷ்ய ராஜ்யத்தைச் சேர்ந்திருந்து பின்னர்ப் போலந்துக்குரியதான லிஸ்ஸா நகரிற் பிறந்தார். தந்தையாரும் ஒரு ரப்பியே. ரப்பி என்பது வேதத்தைக் கற்றுணர்ந்து தம் சமூகத்தார்க்கு வழிகாட்டும் ஆசானுக்கு யூதர் வழங்கும் பெயர். இவர் பிரெஸ்லா, பெர்லின் ஆகிய நகரங்களில் வேதக் கல்வியும் தத்துவக் கல்வியும் ஒருங்கே பயின்று, 1897இல் ஓப்பெல்ன் நகரத்தில் ரப்பியாக அமர்ந்தார். 1905இல் யூத சமயத்தின் சாரத்தை விளக்கி ஒரு நூல் இயற்றினார். கடவுளிடத்துக் கொண்ட பக்தி பிறர்க்குச் செய்யும் அறத்திலே வெளிப்படல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. அந்நூலால் இவர் புகழ் பரவியது. 1912இல் பெர்லின் நகரத்தார் இவரைத் தமக்குக் குருவாக வரவழைத்துக் கொண்டனர். 1914இல் மூண்ட மகாயுத்தத்தில் ஜெர்மன் சேனையோடு சென்று, போர்க்களத்திலிருந்த யூத வீரர்க்கு ஆறுதல் கூறும் பணியையும் ஏற்றார்.

1933இல் ஹிட்லர் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றினான். அப்பொழுது ஆங்கு வாழ்ந்த யூதர் ஏறக்குறைய 5 லட்சம் பேர். அவர்கள் உத்தியோகங்களினின்று நீக்கப்பட்டனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளிகளில் அவமதிக்கப்பட்டனர். அதுகாறும் தம்முட் பிணங்கி நின்ற பல பிரிவினரும் ஒருங்கு கூடிப் பொதுச்சபை ஒன்று நிறுவி, அறுபது வயதினராகிய லியோ பேக்கைத் தலைவராக்கினர். எப்பிரிவினரும் மறுக்காத ஒருவர் அவரே. அச்சபை பிள்ளைகட்குப் பள்ளிகள் நடத்தியது, வறியோர்க்கு உதவியது, பிறநாடு செல்ல விரும்பினோர்க்கு வேண்டியன செய்தது. 1935இல் யூதரின் பெருநோன்பு நாளுக்கென அவர் ஒரு பிரார்த்தனை எழுதி எல்லா ஆலயங்கட்கும் அனுப்பினார். பழிச்சொற்களைக் கேட்டு நாணித் தலைகுனிந்திருந்த மக்கள் மனந்தேறுதல் வேண்டுமென்பது அதன் நோக்கம். சர்க்கார் அதனைத் தடுத்து அவரைச் சிறைப்படுத்தியது.

பிறநாடுகளினின்று அவர்க்கு அழைப்புகள் பல வந்தன. மனைவியார் 1937இல் இறந்துவிட்டார். மகளாரோ இங்கிலாந்து சேர்ந்தார். தடுப்பார் ஒருவரும் இலர். எனினும், தம்மக்களுள் கூட்டு வழிபாட்டுக்கு வேண்டும் பதின்மரேனும் அந்நாட்டில் எஞ்சியுள்ள வரையில் தாம் அகல்வதில்லையென உறுதிபூண்டு தங்கிவிட்டார். 1943ஆம் வருஷம் ஜனவரி மாதம் சேவகர் வந்து அவரைப் பிடித்தனர். புறப்படுமுன் தாம் செலுத்த வேண்டிய விளக்குக் கட்டணத்தை மறவாது அனுப்பிவிட்டே எழுந்தார் என்பர்.

அவர் கொண்டுபோகப்பட்ட இடம் தெரேசியன்ஸ்டாட் என்னும் கோட்டை நகரம். ஆங்கு அடைக்கப்பட்டோர் ஏறக்குறைய 1,40,000 பேர். பசியாலும் பிணியாலும் அங்கேயே மாண்டோர் ஏறக்குறைய 33,000 பேர். அவருடைய சகோதரிமார் நால்வரும் அவருள் அடங்குவர். எழுபதை எட்டிய அம்முதியவர் பகலிற் குப்பைவண்டி இழுத்தார். இரவில் விளக்கற்ற கொட்டடியில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கி நின்று கேட்கப் பிளேட்டோவையும் காண்டையும் பற்றி உபந்நியாசம் செய்தார். வயிறு ஒட்டிக்கிடந்தோர் தாமும் மனிதரே என்பதை அந்நேரத்தில் நினைவுகூர்ந்தனர்.

இனி ஒன்று சொல்லாது விடுதல் நேர்மையாகாது. அங்கிருந்து கிழக்கே அவுஷ்விட்ஸுக்கு அனுப்பப்படுவோர் நச்சுப்புகையாற் கொல்லப்படுகின்றனர் என்னும் செய்தி 1943இலேயே அவர் செவிக்கு எட்டியது. அவர் அதனை மற்றையோர்க்கு உரைத்திலர். மரணத்தை எதிர்நோக்கி நாள் கழித்தல் மரணத்தினும் கொடிதென எண்ணினார். இதனைப் பிற்காலத்திற் பலர் குறைகூறினர். 1963இல் ஹன்னா ஆரெண்ட் என்னும் அறிஞரும் கண்டித்தெழுதினார். அறிந்திருந்தால் ஒருசிலரேனும் தப்ப முயன்றிருப்பர் என்னும் வாதத்தை நாம் எளிதிற் தள்ளவியலாது. தன் சாவை அறியும் உரிமை யார்க்கும் உண்டு. ஆயினும், அம்மௌனத்தால் அவர் தமக்கென ஒரு நலமும் தேடவில்லை; அதே மதிலுக்குள் அப்பாரத்தைத் தாமொருவரே சுமந்தார். அருளுடையோர்க்கும் எவ்வழி செல்லினும் குற்றம் வந்தடையும் காலம் ஒன்று உண்டென இதனால் அறிகின்றோம்.

1945ஆம் வருஷம் மே மாதம் அந்நகரம் விடுதலை பெற்றது. காவலரைப் பழிதீர்க்க எழுந்தோரை அவர் தடுத்தார் என்பர். விஷசுரம் பரவியிருந்தமையின், உடனே வெளியேற வாய்ப்பிருந்தும் நோயாளரை விட்டகலாது சிலகாலம் தங்கிய பின்னரே இலண்டன் சேர்ந்தார். சிறையில் எழுதத் தொடங்கிய நூலின் முதற்பாகத்தை 1955இல் வெளியிட்டார். ஜெர்மானிய யூதரின் வரலாற்றை ஆராய அவ்வாண்டிலே தோன்றிய கழகம் அவர் பெயரையே தாங்கிற்று. 1956ஆம் வருஷம் நவம்பர் மாதம் 2ந் தேதி, தமது 83ஆம் வயதில் இலண்டனில் இறைவனடி சேர்ந்தார்.

நம் சங்கத்திலும் ஆண்டுதோறும் தலைவரைத் தேர்கின்றோம், மாலை சூட்டுகின்றோம். மாலையைப் பெறுவார்க்கும் இடுவார்க்கும் நாம் வேண்டுவது ஒன்றே. நம்மவருள் ஒரு குடும்பம் நோயாலோ வறுமையாலோ பழியாலோ தனித்து நிற்கும் நாளில், அதன் வாயிலில் முதலிற் சென்று நிற்பார் யார், இறுதிவரை நிற்பார் யார் என்று எண்ணிப் பார்ப்போமாக. அவரே தலைவர், பதவி அவர்க்கு இருப்பினும் இல்லாதொழியினும் ஒக்கும்.