ஹீத் துரையும் சேலத்து உருக்கும்
நம்பிச் சொன்ன ரகசியம் பறிபோனது; வழக்கு முடிவதற்குள் உயிரும் போனது

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மொட்டை மாடியில் ஏறி நின்றால் மலைகள் தெரியும். வடக்கே சேர்வராயன் மலை. தென்மேற்கே கஞ்சமலை.

கஞ்சமலை என்றதும் சேலத்துக்காரர்களுக்குச் சித்தர் கோவிலும் அமாவாசைக் கூட்டமும் நினைவுக்கு வரும். ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன் அதே மலையைப் பார்த்த ஒரு வெள்ளைக்காரருக்கு வேறு நினைவு வந்தது. மலை முழுவதும் இரும்பு!

அவர்தான் ஜோசையா மார்ஷல் ஹீத்.

கிழக்கிந்தியக் கும்பெனியின் சென்னை ராஜதானியில் அவர் ஒரு சிவில் உத்தியோகஸ்தர். சேலம், கோயமுத்தூர் வட்டாரத்தில் கும்பெனியின் வியாபாரத்தைக் கவனித்து வந்தார். கை நிறையச் சம்பளம். பறவைகளைச் சேகரிப்பதில் ஆசை. பேசாமல் இருந்திருந்தால் பென்ஷன் வாங்கிக்கொண்டு சீமையில் சுகமாக இருந்திருப்பார். ஆனால் இரும்பு அவரை விடவில்லை.

கொல்லர் உலையில் பாடம்

சேலம் ஜில்லாக் கொல்லர்கள் உருக்கு செய்வதை ஹீத் அருகில் நின்று பார்த்தார். இரும்பைத் துண்டு துண்டாக வெட்டுவார்கள். சிறிய மண் குகைக்குள் அதைப் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரங் குச்சியைப் போட்டு, மேலே எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட குகைகளை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். சுமார் இரண்டரை மணி நேரத்தில் உள்ளே உருக்கு தயார்!

குச்சியும் இலையும் எதற்கு? அவற்றில் உள்ள கரி, இரும்போடு சேர்ந்து அதை உருக்காக்குகிறது. சீமை விஞ்ஞானிகள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை, எழுத்து அறியாத கொல்லர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வந்தார்கள். 1839-ல் லண்டனில் வெளியான ஒரு கட்டுரையில் ஹீத் இதை வியந்து எழுதினார். அந்தக் கொல்லர்களின் தொழில் ரகசியத்துக்கு எந்தப் பத்திரமும் இல்லை, எந்தச் சட்டமும் காவல் இல்லை. இதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பரங்கிப்பேட்டை ஆலை

1825-ல் ஹீத் சர்க்காரிடம் மனுப் போட்டார். ராஜதானியில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமை அவருக்குக் கிடைத்தது. உத்தியோகத்தை விட்டார். கைப்பணத்தைப் போட்டார். போதவில்லை. கும்பெனியிடம் கடன் வாங்கினார்.

1830 வாக்கில் பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் ஆலை எழுந்தது. சேலத்துத் தாது பரிசல்களில் காவிரி, கொள்ளிடம் வழியாக அங்கே போயிற்று. எரிக்க நிலக்கரி கிடையாது. காட்டு மரத்தைச் சுட்ட கரிதான். காடு தூரமாகிப் போகப் போகச் செலவு ஏறியது. இரும்பு நல்ல இரும்பு, லாபம்தான் இல்லை. மலையாளக் கரையில் பேப்பூரிலும் ஓர் ஆலை வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் அதே கதி.

ஹீத் சீமைக்குத் திரும்பினார். உருக்குத் தொழிலுக்குப் பேர்போன ஷெபீல்டு நகருக்குப் போனார். அங்கேதான் அவர் வாழ்வின் பெரிய வெற்றியும் பெரிய வேதனையும் காத்திருந்தன.

சிறிய பொட்டலம், பெரிய லாபம்

அக்காலத்தில் ஷெபீல்டில் நல்ல உருக்கு வேண்டுமானால் சுவீடன் தேசத்து இரும்பு வேண்டும். அதன் விலையோ யானை விலை. உருகும் இரும்பில் மாங்கனீசையும் கரியையும் சேர்த்த ஒரு கூட்டுப்பொருளைச் சிறிதளவு போட்டால் போதும், மட்டமான இரும்பிலும் நல்ல உருக்கு வரும் என்று ஹீத் கண்டுபிடித்தார். 100 ராத்தலுக்கு 1 முதல் 3 ராத்தல் வரை போட்டால் போதும்! அந்த உருக்கைச் சாதாரண இரும்போடு ஒட்டவைக்கவும் முடிந்தது. கத்தி செய்பவர்களுக்கு அது பெரிய வரப்பிரசாதம். உருக்கின் விலை நூற்றுக்கு 30 முதல் 40 வரை இறங்கியது.

1839 ஏப்ரலில் ஹீத் இதற்குப் பேடண்டு உரிமை வாங்கினார். மருந்தைப் பொட்டலம் கட்டி ஆலைகளுக்கு விற்றார். விற்பனையைக் கவனிக்க ஷெபீல்டில் ஓர் ஏஜெண்டை வைத்தார். அவர் பெயர் அன்வின்.

பிறகு ஹீத்துக்கு இன்னும் மலிவான வழி ஒன்று புலப்பட்டது. கூட்டுப்பொருளைத் தனியே தயாரிக்க வேண்டியதே இல்லை. கறுப்பு மாங்கனீசுத் தாதையும் கரியையும் அப்படியே குகைக்குள் போட்டுவிட்டால், சூட்டில் அவை தாமே சேர்ந்துகொள்ளும். இந்தச் சுருக்கு வழியை ஹீத்தே நம்பித் தம் ஏஜெண்டிடம் சொன்னதாகத்தான் அக்கால உலோக நூலார் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அன்வின் என்ன செய்தார்? எஜமானரை விட்டுப் பிரிந்தார். அதே வழியில் தாமே தொழில் நடத்தினார். ஹீத்துக்கு ஒரு காசும் கொடுக்கவில்லை!

கோர்ட்டுப் படிகள்

ஹீத் வழக்குப் போட்டார். பேடண்டு பத்திரத்தில் எழுதியிருப்பது தயார் செய்த கூட்டுப்பொருள். நான் போட்டது வெறும் தாதும் கரியும். ஆகவே அது வேறு, இது வேறு என்பது அன்வினின் வாதம். குகைக்குள்ளே போனதும் இரண்டும் ஒன்றாகத்தானே ஆகின்றன என்பது ஹீத்தின் வாதம். 1844-ல் கோர்ட்டு ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது.

ஹீத் விடவில்லை. கோர்ட்டு கோர்ட்டாக ஏறினார். பரங்கிப்பேட்டையில் கரைந்தது போக மிஞ்சிய பணமெல்லாம் வக்கீல்களிடம் போயிற்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கு நடந்தது பேடண்டு பத்திரத்தின் வாசகத்தின் மேல். ஏஜெண்டு நம்பிக்கைத் துரோகம் செய்தார் என்பதன் மேல் அல்ல. சண்டை முழுவதும் ஒரு சொல்லைச் சுற்றியே நடந்தது.

1851-ல் வறுமையோடு ஹீத் காலமானார்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே 1851-ல் லண்டனில் இன்னொரு வழக்கு தீர்ந்தது. மாரிசன் என்பவரின் பிரபல மாத்திரைக்குப் பேடண்டே கிடையாது. தயாரிப்பு முறை கூட்டாளி ஒருவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லப்பட்டது. அதை அவர் தம் மகனுக்குச் சொல்லிவிட்டார். மகன் அதே மருந்தைச் செய்து விற்றார். கோர்ட்டு அவரைத் தடுத்தது. நம்பிக்கையின் பேரில் சொன்ன ரகசியத்தை, அந்த நம்பிக்கையை மீறிப் பெற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். இன்று இந்திய கோர்ட்டுகளிலும் இந்த நியாயம் எடுத்துச் சொல்லப்படுகிறது.

இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தச் சட்டமும் கோர்ட்டுத் தடை உத்தரவும்தான் பெரும்பாலும் கைகொடுக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டர் யுகத்துக்கு ஒரு பிரிவு உண்டு. ஒப்பந்த வேலைக்கு வந்தவர், வேலையின்போது கைக்குக் கிடைத்த ஒருவரது சொந்த விவரங்களை அவர் சம்மதமின்றி, நஷ்டம் உண்டாக்கும் நோக்கத்தோடு வெளியிட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 72ஏ பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கையோ நோயாளிகள் பட்டியலையோ கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வெளி ஆளுக்கும் இது பொருந்தும்.

ஏழு பேரும் நாலு பேரும்

ஹீத்தின் மனைவி வழக்கைக் கைவிடவில்லை. 1852-ல் ஒரு கோர்ட்டு ஹீத் பக்கம் பேசியது. 1853-ல் பேடண்டு உரிமையும் நீட்டிக்கப்பட்டது. அந்தம்மாளுக்கு விடிவு வந்துவிட்டது என்றே தோன்றியது.

1855-ல் வழக்கு பிரபுக்கள் சபைக்கு வந்தது. அதற்குமேல் கோர்ட்டு இல்லை. 11 நீதிபதிகளிடம் கருத்துக் கேட்டார்கள். 7 பேர் ஹீத் பக்கம். 4 பேர் அன்வின் பக்கம். ஆனால் தீர்ப்புச் சொல்லும் பிரபுக்கள் அந்த 4 பேர் சொன்னதையே ஏற்றுக்கொண்டார்கள். அன்வின் வென்றார்.

அதன்பின் ஷெபீல்டு ஆலைக்காரர்கள் ஹீத் குடும்பத்துக்கு எதுவும் கட்டாமலே மாங்கனீசைக் குகையில் போட்டு உருக்கு வார்த்தார்கள்.